விடுதியைக் கேட்டு வாங்குங்கள்

(உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து பல்கலைக்கழகம் செல்லக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காகக் கலேவெலயில் நடைபெற்ற கூட்டத்தில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை.)



ரத்தோட்டைப் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறீர்கள். தோட்டத்தை விட்டு இறங்கி, இந்தக் கலேவெலயில் கடைகளில் வேலை செய்கிற குடும்பங்களும் வந்திருக்கிறீர்கள். ஒருநாள் பேர் போனாலும் பரவாயில்லை என்று வந்த உங்களிடம் பத்து விஷயம் பேசிக் குழப்ப மாட்டேன். ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போகிறேன்.

உள்ளே வரும்போது ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "டீச்சர், புள்ளய ஹொஸ்டல்ல விடவா, இல்லாட்டி கண்டியில என் தம்பி வூட்டுல விடவா?" இன்றைக்கு நம் வீடுகளில் பெரிய கேள்வி இதுதான். எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. என் அப்பாவும் இதே கேள்வியைத்தான் கேட்டார்.

நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானது 1992ஆம் ஆண்டு. எங்கள் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். விடுதி சம்பந்தமான கடிதம் அங்கே மேசையில் கிடந்து, யாரோ பார்த்து, எங்கள் கைக்கு வந்தபோது திகதி முடிந்துவிட்டது. அப்பா, "விடும்மா, சொந்தக்காரங்க வூடு இருக்கு" என்று என்னைக் கொண்டுபோய் விட்டார்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சோறு போட்டார்கள். ஆனால் சோறு போடுகிற வீட்டில் சும்மா உட்கார்ந்து புத்தகம் விரிக்க முடியுமா? காலையில் சமையல், பின்னேரம் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. நூலகத்தில் ஐந்து மணிக்கு மேல் இருக்க மாட்டேன், பஸ் போய்விடும். முதல் வருடப் பரீட்சையில் இரண்டு பாடம் தவறிப்போனது. படிப்பை விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போகிறேன் என்று அழுதேன். அப்போது ஒரு விரிவுரையாளர் என்னை விடுதிக் காப்பாளரிடம் அழைத்துப் போனார். ஒரு கட்டில் கிடைத்தது. அந்தக் கட்டில் கிடைத்திருக்காவிட்டால் இன்று நான் உங்கள் முன்னால் நின்று பேசியிருக்க மாட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன். பிள்ளைக்கு முதல் வருடம் விடுதியிலேயே இடம் கேளுங்கள். அது தர்மம் கேட்பதல்ல, நமக்குள்ள உரிமை.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டு கொழும்பில் ஆரம்பமானது. 1952இல் பேராதனைக்கு மாணவர்கள் வந்தார்கள். மாணவர்கள் தங்கிப் படிக்கிற இடமாகவே அதைத் திட்டமிட்டார்கள். விடுதி என்பது படிப்போடு சேர்ந்தது என்பதுதான் அன்றைய எண்ணம். அங்குள்ள விடுதிகளில் ஒன்றின் பெயர் அருணாசலம் விடுதி. சேர் பொன்னம்பலம் அருணாசலம் யார் தெரியுமா? இந்த நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் அமைத்தவர். அதே பெரியவர்தான் 1919இல் தொழிலாளர் நலனுக்காகவும் ஒரு சங்கம் அமைத்து, நம் பாட்டன் பூட்டன்மாரைக் கடனில் கட்டிப்போட்ட துண்டு முறைக்கு எதிராகப் பாடுபட்டார். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். நமக்காகப் பேசியவரின் பெயர் அந்த வாசலில் இருக்கிறது. அதற்குள் போக நம் பிள்ளைகள் கூச்சப்படலாமா?

சரி, எப்படிக் கேட்பது? எந்த விடுதி என்று தெரிவு செய்வது பெரும்பாலும் நம் கையில் இல்லை. பல்கலைக்கழகம்தான் ஒதுக்கும். எல்லோருக்கும் போதிய இடமும் இல்லை. ஆகவே வீட்டின் தூரத்தையும் குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். முதல் வருடத்தாருக்குப் பல இடங்களில் முன்னுரிமை உண்டு. நம் கையில் இருப்பது மனுவும் திகதியும்தான்.

முதலாவது விலாசம். லயத்து விலாசத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பாடசாலை அதிபரிடமோ, டவுனில் நம்பிக்கையான கடைக்காரரிடமோ கேட்டு, அவர் மேற்பார்வை என்று போடுங்கள். இப்போது அநேகமான பதிவு இணையத்தில் நடக்கிறது, செய்தி போனுக்கு வருகிறது. கொடுத்த நம்பரை மாற்றாதீர்கள்.

இரண்டாவது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்று நம்மில் பலருக்கு உண்டு. இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். திருத்தக் காலம் எடுக்கும்.

மூன்றாவது அத்தாட்சி. கிராம சேவகரிடம் வதிவிடக் கடிதமும், தோட்டத்து ஆபீசில் சம்பளச் சீட்டும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். வருமானத்தைக் கூட்டிச் சொல்லி கௌரவம் தேடாதீர்கள்.

நான்காவது பணம். 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. அது கிடைக்காதவர்களுக்கு உதவிப்பணம் உண்டு. ஆனால் முதல் மாதமே கைக்கு வரும் என்று நினைக்க வேண்டாம். முதல் சில மாதச் செலவுக்குச் சீட்டுப் பணமோ சேமிப்போ ஒதுக்குங்கள். வெளியில் போர்டிங் எடுத்தால் விடுதிக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு போகும்.

இனி, தாய்மார் மனதில் உள்ள பயத்தைப் பேசுவோம். பகிடிவதை. அது பொய் என்று சொல்ல மாட்டேன். 1975இல் பேராதனையில் ஒரு மாணவி அதற்குப் பயந்து விடுதி மாடியிலிருந்து குதித்து, நடக்க முடியாதவரானார். 1997இல் அங்கே பொறியியல் படித்த ஒரு மாணவர் உயிரையே இழந்தார். அடுத்த வருடம், 1998இல், 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தால் இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ கடும் காயமோ செய்தால் பத்து வருடம் வரை. சட்டம் வந்தும் முற்றாக ஒழியவில்லை. ஆனால் விடுதியில் முறையிடக் காப்பாளர் இருக்கிறார், மாணவ ஆலோசகர் இருக்கிறார். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் அறிவிக்கலாம். யாருமில்லாத போர்டிங் அறையில் யாரிடம் சொல்வது?

பிள்ளை போனில், "அம்மா, எனக்கு இங்க புடிக்கல" என்று சொன்னால், "பொறுத்துக்கோ" என்று வாயை அடைக்காதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். தேவையென்றால் பஸ் ஏறிப் போய்க் காப்பாளரைப் பாருங்கள். தோட்டத்து ஆள் என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

தம்பி தங்கச்சிமாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. அறையில் நம் ஊர்ப் பிள்ளைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். எனக்கு வாய்த்த அறைத்தோழி இந்தக் கலேவெலக்காரிதான். சிங்களப் பிள்ளை. அப்பா வெங்காயம் பயிரிடுகிறவர். முதல் கிழமை நாங்கள் இருவரும் சிரிப்பாலேயே பேசிக்கொண்டோம். ஊருக்குப் போய் வந்தால் அவள் பையில் பெரிய வெங்காயம் இருக்கும், என் பையில் தேயிலைத் தூள் இருக்கும். அவளிடம் நான் சிங்களம் படித்தேன், என்னிடம் அவள் தமிழ் படித்தாள். தவறிய இரண்டு பாடத்தையும் இரவிரவாக அவளோடு இருந்துதான் பாஸ் பண்ணினேன். இன்று கலேவெலக்கு என்னை அழைத்தபோது, தூரம் பார்க்காமல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். தம்பி வீடு இருக்கட்டும் அம்மா, லீவு நாளில் போய் ஒருநேரச் சோறு சாப்பிட. படிப்பதற்குப் பிள்ளைக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு விளக்கு வேண்டும். அதை விடுதியில் கேட்டு வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பெயரைச் சரி பார்ப்பது.