மூலம்தானே என்று விட்டுவிடாதீர்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் மைக்கைப் பிடித்தால் பராமரிப்புக் கட்டணப் பாக்கியைப் பற்றித்தான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு விஷயம் வேறு. கழிப்பறை சம்பந்தப்பட்டது, முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

தேனியிலிருந்து குமுளிக்குப் பஸ்ஸில் போனால் சுவரெல்லாம் 'மூலம், பௌத்திரம்' விளம்பரம் பார்த்திருப்பீர்கள். கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த என் அண்ணனுக்கு 57 வயதில் மலத்தோடு ரத்தம் வந்தது. மூலம் என்று அவரே முடிவுகட்டினார், நானும் ஆமாம் போட்டேன். துத்திக் கீரை, கருணைக்கிழங்கு, பிறகு லேகியம். அந்த லேகியத்தை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். ஒன்றரை வருடம் ஓடியது. மதினிக்கே கடைசியில்தான் சொன்னார், அவ்வளவு கூச்சம். மதுரையில் பார்த்தபோது பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அவருக்கு மூலமும் இருந்தது. எங்களை ஏமாற்றியது அதுதான். வங்கியில் ஒரு ரூபாய் டேலி ஆகாவிட்டாலும் ராத்திரிவரை உட்கார்ந்து தேடியவன், அண்ணன் விஷயத்தில் தேடவே இல்லை.

இந்த நோய் பெரும்பாலும் 'பாலிப்' என்ற சின்னச் சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகிறது. அது புற்றாக மாற ஏறக்குறைய பத்து வருடம் ஆகலாம். அந்தப் பத்து வருடமும் வலி இருக்காது. ரத்தம் கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். வயதான ஆணுக்குக் காரணம் இல்லாமல் ரத்தசோகை வந்தால் டாக்டர்கள் குடலைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். வாரக்கணக்கில் மலம் கழிக்கும் பழக்கம் மாறினாலும், எடை குறைந்தாலும் போய்க் காட்டுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்க 'ஃபிட்' என்ற மலப் பரிசோதனை உண்டு. ஜப்பானில் 40 வயது தாண்டியவர்களுக்கு 1992 முதல் அரசே இந்த முறையில் பரிசோதிக்கிறது. அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயதை 2021-இல் 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள். நம் அரசின் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றும்தான் இருக்கின்றன. மேல்நாடுகளைவிட இங்கே குடல் புற்றுநோய் குறைவு என்பது உண்மைதான். ஆனால் நம் வீட்டில் வந்துவிட்டால் அந்தக் கணக்கு எதற்கு உதவும்? நாமாகத்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

முன்கூட்டிப் பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டமே பதில். அங்கே 2000-இல் தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு நர்ஸுகளே கருப்பை வாயைப் பரிசோதித்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றுநோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. அது வேறு உறுப்புதான், ஆனாலும் சாதாரணப் பரிசோதனை என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்துச் சாட்சி.

அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், எது முந்தியோ அப்போதே கொலோனோஸ்கோபி செய்துகொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு அது 62 வயதில்தான் உறைத்தது. முதல் நாள் மாலை ஒரு பொடியைத் தண்ணீரில் கலந்து லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். உப்புக் கரிக்கும். பிறகு கழிப்பறையே கதி. (அன்றைக்கு மோட்டார் ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று செயலாளர் யோசிக்கவும்.) மறுநாள் மயக்க ஊசி போட்டார்கள், அரைமணி நேரத்தில் முடிந்தது, ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பாலிப் இருந்தன. அப்போதே, அந்தக் குழாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள். மதியம் இட்லி சாப்பிட்டேன்.

நம் வாட்ச்மேனுக்கும், வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் போய்க் காட்ட க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

மாலை ஆறு மணிக்கு மேல் வாசல் பெஞ்சில்தான் இருப்பேன். அங்கே பேசக் கூச்சமாக இருந்தால் மொட்டை மாடிக்குப் போவோம்.