மூடி திறக்காமல் ஒரு மடக்கு

(நம் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஹோட்டல் தொழில்ல முப்பது வருஷம் இருந்தியே, ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் கேட்டார். பழைய ஒயினைப் பற்றிப் பேசலாமா என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பொம்பளைங்க, பசங்க எல்லாம் வருவாங்கப்பா" என்றார். அவர் பயந்தது நியாயம்தான். 2023 மே மாதம் நம் மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கத்திலும், விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். அந்த வீடுகளில் சிலவற்றுக்கு நானும் துக்கம் கேட்கப் போனேன். ஆகவே நான் இங்கே குடியைப் புகழ வரவில்லை. திறக்காத பாட்டிலிலிருந்து ஒரு கிளாஸ் மட்டும் எடுக்கும் ஒரு கருவியைப் பற்றியும், அது எனக்குக் கற்றுக் கொடுத்த பாடத்தைப் பற்றியும் சொல்ல வந்திருக்கிறேன். இதில் வேதியியல் இருக்கிறது, தாவரவியல் இருக்கிறது, கொஞ்சம் சரித்திரமும் இருக்கிறது. ஆகவே எல்லாத் துறையினரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஊறுகாய் ஜாடியிலிருந்து தொடங்குகிறேன். நம் வீட்டில் ஆவக்காய் போட்டால் மேலே இரண்டு விரற்கடை எண்ணெய் நிற்கும்படி ஊற்றி, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். ஈரக் கையை விட்டால் பாட்டி கையிலேயே போடுவாள். ஏன்? மேலே எண்ணெய் நின்றால் காற்று உள்ளே போகாது, பூசணம் பிடிக்காது. ஒயினுக்கும் அதே எதிரிதான். ஒரு முறை கார்க்கைப் பிடுங்கிவிட்டால் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் உள்ளே போய்விடும். முதல் ஒரு மணி நேரம் அது மணத்தைத் தூக்கிக் கொடுக்கும். மறுநாள் மணம் மங்கிவிடும். அதற்கப்புறம் அசெட்டிக் அமில பாக்டீரியா வேலையைத் தொடங்கினால், ஆல்கஹால் வினிகராகிவிடும். இருபது, முப்பது வருஷம் பொறுமையாக இருந்த பாட்டில், திறந்து இரண்டு மூன்று நாளில் முடிந்து போகிறது.

இந்தக் கவலை நம் கரைக்குப் புதிதல்ல. கல்பாக்கத்துக்குத் தெற்கே பாலாறு கடலில் சேரும் இடத்தில் வசவசமுத்திரம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. நம்மில் பலர் அந்தப் பக்கம் இறால் வாங்கப் போயிருப்போம். அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது உறைகிணறுகளும், கடல் கடந்து வந்த கூம்பு வடிவ ஜாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. இன்னும் தெற்கே, புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ஆம்போரா என்ற ரோமானிய ஜாடிகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் பல கிரேக்கத்துக் கோஸ் தீவின் ஒயின் வந்த வகை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். புறநானூற்றின் 56-ஆம் பாட்டிலும் யவனர் கொண்டுவந்த மது பேசப்படுகிறது. அந்த ஜாடிகளின் உட்புறத்தில் பைன் மரப் பிசின் பூசி வைப்பார்களாம். ஜெர்மனியில் ஸ்பெயர் நகர அருங்காட்சியகத்தில் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு ஒயின் பாட்டில் இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறது. உள்ளே ஒயினுக்கு மேல் ஆலிவ் எண்ணெய் நிற்கிறது. நம் பாட்டியின் ஆவக்காய் ஜாடிதான், வேறொன்றும் இல்லை!

இப்போது என் கதைக்கு வருகிறேன். பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து, வேலை கிடைக்காமல் இரண்டு வருஷம் அலைந்து, கடைசியில் கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டலில் ஸ்டூவர்டாகச் சேர்ந்தேன். வெள்ளைக்காரர்கள் மாமல்லபுரம் சிற்பம் பார்த்துவிட்டு வந்து தங்கும் இடம். ஒயின் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். "இதில் கருந்திராட்சை வாசனை, புகையிலை வாசனை, பழைய தோல் வாசனை வரும், சார்" என்று கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பேன். விருந்தாளி தலையாட்டுவார். நான் ஒரு சொட்டுகூட ருசித்ததில்லை. ஊழியர் தொட்டால் வேலை போய்விடும்.

ஒரு நாள் இரவு ஒரு விருந்தாளி பட்டியலிலேயே விலை கூடிய பழைய பாட்டிலைக் கேட்டார். திறந்தேன். ஒரு கிளாஸ் ஊற்றினேன். அதற்குள் அவருக்கு ஊரிலிருந்து போன் வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர் விடியற்காலை அறையையும் காலி செய்துவிட்டார். அந்தப் பாட்டில் பில்லில் ஏறவில்லை. என் சம்பளத்திலிருந்து ஆறு மாதம் பிடித்தார்கள். மிச்சமிருந்த ஒயினை மேலாளர் அலமாரியில் வைத்துப் பூட்டினார். நாலாம் நாள் திறந்து பார்த்தால் புளித்த நெடி. சமையலறைக்குக் கொடுத்துவிட்டார்கள். காசு என்னுடையது, ருசி யாருக்கும் இல்லை. அன்றிலிருந்து விலை கூடிய பாட்டிலை யாராவது கேட்டால் எனக்குக் கை நடுங்கும்.

இந்த நடுக்கம் எனக்கு மட்டும் இல்லை, உலகம் முழுக்க இருந்திருக்கிறது. அமெரிக்காவில் கிரெக் லாம்பிரெக்ட் என்று ஒருவர், மருத்துவக் கருவிகள் வடிவமைப்பவர். மனைவி கர்ப்பமாக இருந்ததால் வீட்டில் கூடக் குடிக்க ஆள் இல்லை. ஒரு கிளாஸுக்காக ஒரு பாட்டிலைத் திறக்க மனம் வரவில்லை. பல வருஷம் முயன்று அவர் செய்த கருவி 2013-இல் விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் கோராவின்.

அது எப்படி வேலை செய்கிறது? நம் சங்கத்தில் செவிலியர் யாராவது இருந்தால் அவர்களுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். ரப்பர் மூடி போட்ட மருந்துக் குப்பியிலிருந்து ஊசியால் மருந்து எடுக்கும்போது என்ன செய்கிறீர்கள்? எவ்வளவு எடுக்கப் போகிறோமோ அவ்வளவு காற்றை முதலில் உள்ளே செலுத்துகிறீர்கள். ஊசியை உருவியதும் ரப்பர் தானாக மூடிக்கொள்கிறது. இதுவும் அதேதான். மெல்லிய ஊசி கார்க்கைத் துளைத்து உள்ளே போகும். விசையை அழுத்தினால் ஒரு வாயு உள்ளே போகும். அந்த அழுத்தத்தில் ஒயின் ஊசி வழியாகவே வெளியே வந்து கிளாஸில் விழும். ஊசியை எடுத்துவிட்டால் கார்க் மூடிக்கொள்ளும். உள்ளே காலியான இடத்தில் காற்று இல்லை, அந்த வாயுதான் இருக்கும்.

அந்த வாயு ஆர்கான். ராலேயும் ராம்சேயும் 1894-இல் கண்டுபிடித்தது. கிரேக்க மொழியில் 'சோம்பேறி' என்று பொருள். எதோடும் சேராது, எதையும் கெடுக்காது. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, 0.93 சதவீதம் இருக்கிறது. மறைமலைநகர்ப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஆர்கான் சிலிண்டரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உருகும் உலோகத்தைக் காற்று தொடாமல் காப்பதும் ஒயினைக் காப்பதும் ஒரே சோம்பேறிதான்.

கார்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது போர்ச்சுகல் பக்கம் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. மரத்தை வெட்டாமல் ஒன்பது வருஷத்துக்கு ஒரு முறை பட்டையை மட்டும் உரிப்பார்கள். 1665-இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் இந்தக் கார்க்கைப் பார்த்துத்தான் 'செல்' என்று பெயர் வைத்தார். காற்றடைத்த அந்தச் சின்னச் சின்ன அறைகள் அமுங்கி மீள்வதால்தான் ஊசித் துளை மூடிக்கொள்கிறது. பிளாஸ்டிக் கார்க் என்றால் மூடாது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தது. கடற்கரைச் சாலையில் சவுக்கெல்லாம் சாய்ந்து, மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. ஜெனரேட்டர் விருந்தினர் அறைக்கும் சமையலறைக்குமே சரியாக இருந்தது. ஒயின் அறை அணைந்தே கிடந்தது. நான் அப்போது வேறொரு ஹோட்டலில் அந்த அறைக்குப் பொறுப்பு. உள்ளே 46 வெளிநாட்டுப் பாட்டில்கள். "எல்லாம் கெட்டுப் போயிருக்கும், இன்ஷூரன்ஸுக்கு எழுதிடலாம்" என்று பேச்சு வந்தது. கெட்டதா இல்லையா என்று பார்க்க 46 கார்க்கையும் பிடுங்க முடியுமா? பிடுங்கினால் நல்லதும் கெட்டுவிடும்.

ஒயின் விஷயம் தெரிந்த ஒரு பெரியவர் புதுச்சேரியிலிருந்து வந்தார். கையில் இந்தக் கருவி. ஒவ்வொரு பாட்டிலிலும் ஊசியை ஏற்றி இரண்டு ஸ்பூன் அளவு எடுத்தார். முகர்ந்தார், வாயில் வைத்துச் சுழற்றினார், வாளியில் துப்பினார். ருசி பார்ப்பவர்கள் விழுங்குவதில்லை என்பது எனக்கே அன்றுதான் தெரியும். மூன்றாவது பாட்டிலில் கிளாஸை என்னிடம் நீட்டி, "நீங்களும் பாருங்க தம்பி" என்றார். "பழக்கமில்லைங்க ஐயா" என்றேன். "வாயில வெச்சுத் துப்புங்க. விக்கிறவன் தெரிஞ்சு விக்க வேணாமா?" என்றார்.

அன்றுதான் முதல் முறை. பழைய தோல் வாசனை என்று நான் வருஷக்கணக்காக ஒப்பித்தேனே, அது உண்மையாகவே இருந்தது! எங்கள் தெருவில் செருப்புத் தைக்கும் தாத்தாவின் பெட்டியைத் திறந்தால் வரும் வாசனை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவர் பார்க்காத மாதிரி அடுத்த பாட்டிலுக்குப் போனார்.

46-ஐயும் பார்த்து முடித்தபோது 35 நன்றாக இருந்தன. 11 கெட்டிருந்தன. நிறம் பழுத்து, சில வினிகராகவே மாறியிருந்தன. அந்தப் பதினொன்றும் எங்கே இருந்தவை தெரியுமா? முகப்புக் கண்ணாடி அலமாரியில், லேபிள் தெரியும்படி நான் நிற்க வைத்தவை. ஒயின் பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும். அப்போதுதான் கார்க் நனைந்து உப்பி இருக்கும். ஏ.சி. காற்றில் மூன்று வருஷம் நின்றால் அது காய்ந்து சுருங்கிக் காற்றை விட்டுவிடும். டிசம்பர் மாதச் சூட்டில் சில நாள் இருந்ததால் எதுவும் ஆகிவிடவில்லை. புயல் ஒரு பாட்டிலைக்கூடக் கெடுக்கவில்லை. கெடுத்தது என் அலமாரி.

பெரியவர் என்னைப் பார்த்தார். பேசாமல் இருந்திருந்தால் பழி புயலோடு போயிருக்கும். ராத்திரி தூக்கம் வரவில்லை. பழைய ஆறு மாதச் சம்பளம் ஞாபகம் வந்தது. காலையில் மேலாளரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் கழித்து, "லேபிள் தெரியணும்னு நிக்க வெக்கச் சொன்னது நாந்தானேய்யா" என்றார். ஒயினுக்கு இன்ஷூரன்ஸ் கேட்கவில்லை. பதினொன்றையும் ஹோட்டல் கணக்கிலேயே கழித்தார்கள். முகப்பு அலமாரியில் அதற்கப்புறம் காலி பாட்டில்கள்தான். மிச்சம் 35-ஐ கிளாஸ் கணக்கில் விற்றோம். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லியாக ஐந்து கிளாஸ். முழு பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஒரு கிளாஸ் வாங்கினார்கள். ஊழியர்களுக்கு மாதம் ஒரு முறை ருசிப் பயிற்சியும் வந்தது.

கருவியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2014-இல் அழுத்தம் தாங்காமல் சில பாட்டில்கள் உடைந்ததால் கொஞ்ச காலம் விற்பனையை நிறுத்தி, பாட்டிலுக்கு உறை கொடுத்தார்கள். மிகப் பழைய கார்க் ஊசி பட்டாலே உதிரும், கசியும். அடியில் வண்டல் இருந்தால் கலங்கும். ஊசி போட்ட பாட்டில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தாங்குமே தவிர என்றென்றைக்கும் தாங்காது. கடைசிக் கிளாஸ் முதல் கிளாஸ் மாதிரி இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது.

கடைசியாக ஒன்று. நாம் படித்தபோது வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பீரோவுக்குள் ஒரு நல்ல தராசு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? மூன்று வருஷமும் அதைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். பையன்கள் உடைத்துவிடுவார்கள் என்று பூட்டியே வைத்திருந்தார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. உடைந்தால் மறுபடி வாங்கப் பணம் கிடைக்காத காலம் அது. ஆனால் தராசைத் தொடாமலே நான் வேதியியல் பட்டதாரி ஆனேன், ஒயினை ருசிக்காமலே ஒயின் விற்றவன் ஆனேன்.

இந்த வருஷம் நம் சங்கம் ஆய்வுக்கூடத்துக்குக் கருவிகள் வாங்கிக் கொடுக்கப் போகிறது. என் பங்கையும் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். கூடவே ஒரு வேண்டுகோள். பழுது பார்க்கவும் உடைந்தால் மாற்றவும் தனியாக ஒரு தொகை ஒதுக்கி, அதைக் கல்லூரியிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் பூட்டுப் போட வேண்டிய பயம் ஆசிரியர்களுக்கு இருக்காது. நம் பிள்ளைகள் கையால் தொட்டுக் கற்றுக்கொள்ளட்டும்.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. ஊறுகாய் வந்தால் காய்ந்த ஸ்பூனில் எடுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.