மடை திறக்கும் நேரம்

(உத்தமபாளையத்தில் வாசகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை, ஞாயிறு ஏட்டுக்காக எழுத்து வடிவில்)



உத்தமபாளையத்திற்கு வருவோர், ஊர்ப்புறத்தே நிற்கும் திருக்குணகிரிப் பாறையை ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்லுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், சமணர்கள் அங்கே தங்கள் தீர்த்தங்கரர்களின் உருவங்களைப் பாறையிலே செதுக்கி, வட்டெழுத்திலே செய்தியும் பொறித்து வைத்தனர். அவர்தம் சமயக் கொள்கை பற்றி விவாதிக்க நான் வரவில்லை. ஆனால் அவர்கள் வகுத்த தானம் நான்கு: உணவு, அடைக்கலம், மருந்து, நூல். சோற்றுக்குச் சமமாக ஏட்டை வைத்தார்கள், கவனியுங்கள்! பசித்தவனுக்குப் பிடி சோறு தருவது எத்தகைய அறமோ, அறியாதவனுக்கு ஓர் ஏடு தருவதும் அத்தகைய அறமே என்றார்கள்.

அந்தத் தானம் இன்று தானமாக இல்லை, உரிமையாகிவிட்டது. 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திலே பொது நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் இதுவே முதல். கல்வி அமைச்சராக இருந்து அதனைக் கொண்டுவந்தவர் அவினாசிலிங்கனார். அதற்காக ஆண்டுக்கணக்கில் பாடுபட்டவர் சீர்காழி தந்த அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன். அமைச்சர் மாற்று முகாமினர்தாம். அதனாலென்ன? விளக்கை ஏற்றியவன் யார் என்று கேட்டுவிட்டா வெளிச்சத்திலே படிக்கிறோம்?

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு இன்று நூலகத்துக்கென்று சேர்கிறது. மாடி வீட்டுக்காரர் கட்டுகிறார், ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். வாடகைக்குக் குடியிருப்போரும் அந்த வாடகைக்குள்ளே கட்டுகிறார். ஆகவே, கிளை நூலகத்தின் வாயிற்படியிலே கூச்சத்தோடு நிற்காதீர்கள். அது எவரோ இட்ட பிச்சையன்று, உங்கள் காசில் எழுந்த வீடு!

உங்கள் வீடுதான். ஆனால், நீங்கள் வரும் நேரத்தில் அது திறந்திருக்கிறதா?

கம்பம் பள்ளத்தாக்கின் விடியலை அறிவீர்கள். கோழி கூவுமுன்னே ஜீப்புகள் உறுமுகின்றன. ஏலத் தோட்ட வேலைக்குச் செல்லும் தாய்மாரும் தங்கையரும் தூக்குச் சட்டியோடு நெருக்கி அமர்கிறார்கள். கம்பமெட்டு வழியும் குமுளி வழியும் வண்டிகள் இடுக்கி மலையேறுகின்றன. பொழுது சாயும் வேளையில்தான் இறங்குகின்றன. வந்ததும் ஓய்வா? அடுப்பு காத்திருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நூலகத்தின் பக்கம் வருவதற்குள் மணி எட்டைத் தாண்டிவிடும். அதற்குள் கிளை நூலகத்தின் கதவு சாத்தப்பட்டிருக்கும். ஊர்ப்புற நூலகமோ அதற்கும் முன்பே உறங்கிவிடும். பகுதிநேர நூலகம் பற்றிப் பெயரே சொல்கிறது, நான் சொல்வானேன்!

1895இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிற்று. இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதனால் வாழ்கிறது. உழவரைக் கேளுங்கள்: நாற்றுக்குத் தண்ணீர் எப்போது வேண்டும்? நாற்று கேட்கும்போது வேண்டும்! அறுவடை முடிந்த வயலுக்கு மடை திறந்துவிட்டு, 'தண்ணீர் தந்தோமே' என்று கணக்கெழுதினால் உழவர் ஒப்புவாரா? வயலுக்குப் பருவம் பார்க்கிறோம், வாசகனுக்குப் பார்க்க வேண்டாமா?

அமெரிக்க நாட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்கப் போன நெசவாளி மகன் ஒருவன், தந்தி அலுவலகத்தில் சேதி சுமக்கும் பையனாக இருந்தான். ஆண்டர்சன் என்ற பெரியவர், தம்மிடமிருந்த ஏறத்தாழ 400 நூல்களை உழைக்கும் சிறுவர்களுக்கென்று சனிக்கிழமைதோறும் திறந்துவிட்டார். சனிக்கிழமை ஏன்? பையன்களுக்கு ஓய்வு கிடைப்பது அன்றுதான்! அந்த நெசவாளி மகன்தான் எஃகுச் சீமான் ஆண்ட்ரூ கார்னெகி. நன்றி மறவாமல், பிற்காலத்தில் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களைக் கட்டக் கொடையளித்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் அதே கார்னெகியின் ஹோம்ஸ்டெட் ஆலையில் தொழிலாளர்கள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலையின் முன்னே வெந்தார்கள். 1892இல் அங்கே நடந்த போராட்டத்தில் குருதி சிந்திற்று, சங்கம் நசுக்கப்பட்டது. 1898இல் அவ்வூரில் அழகிய நூலகம் எழுந்தது. நூலகம் தந்தார், படிக்க நேரம் தந்தாரா? ஆண்டர்சன் தந்தவை நானூறே நூல்கள், ஆனால் பையனின் நேரத்தையும் பார்த்துத் தந்தார். இருவரில் பெரிய வள்ளல் யார் என்று என்னைக் கேட்டால், நான் ஆண்டர்சன் பக்கம்.

நம் இயக்கம் வளர்ந்த வரலாறும் இதுதானே? முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஏடு வந்து விழும். ஒருவன் உரக்கப் படிப்பான், பத்துப்பேர் கேட்பார்கள். கிளைக் கழகப் படிப்பகத்துக்குக் கீற்றுக் கொட்டகைதான் கூரை. அரிக்கேன் விளக்குதான் ஒளி. ஆனால் அது வேலைக்குப் போகுமுன் திறந்திருந்தது, வேலை முடிந்து வந்தபின்னும் திறந்திருந்தது. வீட்டிற்கோர் புத்தகசாலை வேண்டுமென்று வானொலியிலே பேசினாரே அண்ணா, அந்தக் குரலுக்குச் செவி தந்தவை இந்தக் கொட்டகைகள்!

கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவன் நான். கட்டணம் கேளாமல் உள்ளே விட்ட கதவு நூலகக் கதவு ஒன்றுதான். நான் நாடகம் எழுதக் கற்றதும் அந்த மேசையில்தான். ஆகவே இதனைச் சற்று வெப்பத்தோடே பேசுகிறேன், பொறுத்துக்கொள்க.

நம்மையும் நாம் விட்டுவிடக் கூடாது. 2006இல் நம் ஆட்சியில் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளிலே நூலகங்களுக்கு இடம் தந்தது. மார்தட்டலாம், தவறில்லை. ஆனால் அவற்றுள் பூட்டிக் கிடப்பவை எத்தனை என்று எண்ணி முடித்தபின் தட்டுவோம். கட்டியவன் போய்விட்டான், அடுத்து வந்தவன் பூட்டினான் என்று பழிபோட்டுக்கொண்டிருந்தால், கரையானுக்குத்தான் கொண்டாட்டம்.

நூலகரைக் குறை சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். பல நூலகங்களில் பதிவேடு எழுதுபவரும் அவரே, தூசி தட்டுபவரும் அவரே. 'இன்னும் இரண்டு மணி நேரம் இரு' என்று அவர் தலையில் சுமத்துவது நீதியன்று. மாலை முறைக்கு இன்னோர் ஆள் கொடு, ஊதியம் கொடு என்று கேட்பதே நீதி. உள்ளாட்சிகள் தண்டிய நூலக வரி, நூலக ஆணைக்குழுவுக்கு முழுமையாக, காலத்தில் போய்ச் சேரட்டும். ஆளுக்கு வழி பிறக்கும்.

இன்னொன்று. நாளிதழ் மேசையைச் சுற்றி ஆடவர் கூட்டம். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணொருத்தி நாற்காலி தேடி நின்றுவிட்டுத் திரும்புகிறாள். கோம்பையிலிருந்து பேருந்தேறி வந்தவள் அவள். அவளுக்கென ஒரு மேசையும் ஒரு விளக்கும் ஒதுக்க, கோட்டையிலிருந்து ஆணை வர வேண்டுமா? வாசகர் வட்டம் அமர்ந்து பேசினால் ஒரு மாலையில் முடியுமே!

1931இல் இரங்கநாதன் நூலக விதிகள் ஐந்தை வெளியிட்டார். நூல்கள் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. அதை விளக்கப் புகுந்தவர், எந்த இடத்தில் நூலகம் இருக்கவேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்பவற்றையே முன்வைத்துப் பேசினார். அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களைத் தேடிப் போனார்கள். மாடும் வண்டியும் வாசகனைத் தேடிப் போன நாட்டில், கதவொன்று கூடுதலாக இரண்டு மணி நேரம் திறந்திருக்கக் கூடாதா?

தமிழகத்துப் பொது நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறப்பு. உழைப்போர்க்கு ஓய்வு ஞாயிறன்று என்பதை யாரோ ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்! நாம் கேட்பது அந்த எண்ணத்தை மற்ற நாட்களின் இரவுக்கும் நீட்டுங்கள் என்பதுதான்.

இந்த ஏடு உங்கள் கைக்கு வருவதும் ஞாயிறன்று. படித்து முடித்ததும் மடித்து வைத்துவிட்டு, உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். வருகைப் பதிவேட்டில் பெயரெழுதுங்கள். நூலகரிடம் ஒரு தாள் கேட்டு, இரவு ஒன்பதரை வரை திறந்திருக்க வேண்டும் என்று மனு எழுதுங்கள். முதல் கையெழுத்தை, மலையிலிருந்து இறங்கி வரும் ஜீப்பிலே வாங்குங்கள்.