சுற்றுச்சூழலும் சமூக சாஸ்திரங்களும்

(பினாங்குத் தீவிலுள்ள ஜெலுத்தோங்கில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



மறைந்த பெரியவர் ஒருவரின் நினைவைப் போற்றுவதற்கு, ஆண்டுக்கொரு முறை ஓர் அறிவுத்துறையைப் பற்றிப் பலர் கூடி விசாரிப்பதே தக்க வழியென்று அவர்தம் மக்கள் கருதியது மிகவும் பாராட்டத்தக்கது. இவ்வாண்டு எனக்கு இடப்பட்ட பொருள், சுற்றுச்சூழல் பிரச்சினைகளைச் சமூக சாஸ்திரங்களின் வாயிலாகப் பல்கலைக்கழகத்தின் முதுநிலையில் பயில்வது என்பதாகும். நான் சொல்ல வந்ததைத் தொடக்கத்திலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நதியில் விஷம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அறிவதற்கு ரசாயன சாஸ்திரம் போதும். ஆனால் அவ்விஷம் ஏன் அந்த நதிக்கு வந்தது, யார் சம்மதத்தின்பேரில் வந்தது, யாருடைய உடம்பில் போய்ச் சேர்ந்தது, அதைத் தடுக்கும் அதிகாரம் படைத்தவர் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்விகளுக்கு விடை காண்பதற்குச் சரித்திரமும் பொருளாதாரமும் மானிடவியலும் அரசியல் சாஸ்திரமும் வேண்டியிருக்கின்றன. இவ்விரண்டாம் வகை விசாரணை நடைபெறாத இடத்தில் முதல்வகை விசாரணையின் முடிவுகள் அலமாரியிலேயே உறங்கிப்போகின்றன.

1. நாம் கூடியிருக்கும் இடம்

இவ்வூருக்குப் பெயர் தந்த ஜெலுத்தோங் மரத்தின் பால் ஒரு காலத்தில் மெல்லும் பிசின் செய்வதற்காகக் கப்பலேறி மேல்நாடுகளுக்குச் சென்றது. காட்டின் பொருள் தொலைதூரத்துச் சந்தைக்குப் போனது பழைய கதை. நகரம் வேண்டாமென்று ஒதுக்கிய பொருளெல்லாம் இக்கரைக்கு வந்து சேர்ந்தது புதிய கதை. விரைவுச்சாலைக்குக் கிழக்கே கடலோரத்தில் மலைபோல் உயர்ந்து நிற்கும் குப்பைமேட்டை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். வீட்டுக் குப்பை பெருநிலத்தின் தென்பகுதியிலுள்ள புலாவ் பூரோங்குக்குப் போகத் தொடங்கிய பின்னரும், கட்டட இடிபாடுகளும் தோட்டக் கழிவுகளும் இங்கே கொட்டப்பட்டு வந்தன. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அம்மேடு தீப்பற்றிப் பல நாள் புகைந்தபோது, ஜன்னல்களை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் முடங்கியவர்கள் இவ்வவையிலும் இருப்பார்கள்.

இத்தகைய மேட்டை ஆராயும் பொறியியலார், அதனுள் எவ்வளவு வாயு தேங்கியிருக்கிறது, அடியில் கசியும் நீர் கடலில் எவ்வாறு கலக்கிறது, தீ எவ்வளவு ஆழத்தில் கனன்றுகொண்டிருக்கிறது என்று கேட்பர். இவை இன்றியமையாத கேள்விகள். அவர்களோடு நிற்க வேண்டிய சமூக ஆராய்ச்சியாளரோ, நகரத்தின் கழிவுக்கு இக்கரையைத் தேர்ந்தவர் யார், அப்போது இக்கரையில் வாழ்ந்தவரை எவரேனும் கேட்டனரா, கழிவைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்கள் எங்கே போனார்கள், புகை வந்த நாட்களில் கடையை அடைக்க முடிந்தவர் யார், அடைத்தால் அன்றைய சோற்றுக்கு வழியில்லாதவர் யார், இம்மேட்டைச் சீர்செய்து விலைமதிப்புள்ள கடலோர நிலமாக்கும் காலத்தில் ஆதாயம் யாரைச் சேரும் என்றெல்லாம் கேட்பார். முதல்வகைக் கேள்விகளுக்குக் கருவிகள் விடை தரும். இரண்டாம் வகைக் கேள்விகளுக்குப் பழைய கோப்புகளும், நில ஆவணங்களும், எல்லாவற்றுக்கும் மேலாக இங்கு வாழும் மக்களின் வாய்மொழியும் விடை தரும்.

2. தோட்டப்புறத்தின் சாட்சியம்

நம் சமூகத்துக்கு மிக நெருங்கிய உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரப்பர் பால்மரத் தோட்டங்களிலும் பின்னர் செம்பனைத் தோட்டங்களிலும் களை அழிப்பதற்காகத் தெளிக்கப்பட்ட பாராகுவாட் என்னும் ரசாயனம், விழுங்கினால் மாற்று மருந்தே இல்லாத கொடிய நஞ்சு என்பது விஞ்ஞான உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. அதைத் தோளில் சுமந்த பம்புகளால் நாள் முழுதும் அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; அவர்களிலும் மிகப் பலர் நம் தமிழ்ப் பெண்கள். நகம் கறுத்து உதிர்வதையும், மூக்கில் ரத்தம் வடிவதையும், தோல் வெந்து போவதையும், கண் எரிச்சலையும் அவர்கள் தம் உடம்பிலேயே கண்டார்கள். ஆயினும் நஞ்சின் குணம் விஞ்ஞானிக்குத் தெரிந்திருந்தும், அதன் விளைவு தொழிலாளிக்குத் தெரிந்திருந்தும், அந்த அறிவும் இந்த அநுபவமும் ஒன்றையொன்று சந்திக்காமலே பல ஆண்டுகள் கழிந்தன.

அவற்றைச் சந்திக்கவைத்த முயற்சிகளில் முக்கியமானது, ஐரீன் பெர்னாண்டஸ் தலைமை தாங்கிய தெனாகனித்தா என்னும் பெண்கள் உரிமை அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்புச் செயல் வலையமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவும் சேர்ந்து தோட்டப்புறங்களில் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வாகும். தெளிக்கும் பெண்களிடமே சென்று, அவர்களுடைய வேலையையும் நோயையும் கேட்டுப் பதிவு செய்த ஆய்வு அது. கையுறையும் முகமூடியும் அணியாதது தொழிலாளியின் அஜாக்கிரதை என்று சொல்வது சுலபம். உச்சி வெயிலில் அவற்றை அணிந்துகொண்டு நாட்கூலிக்குரிய அளவை முடிக்க இயலுமா என்றும், உடம்பு சரியில்லை என்று சொன்னால் வேலை போகுமோ, வேலை போனால் தோட்டத்து வீடும் போகுமோ என்று அஞ்சும் ஒரு பெண் எவ்வளவு தூரம் வாய் திறக்க முடியும் என்றும் விசாரிப்பதுதான் கடினம். கூலிமுறையும் குடியிருப்புமுறையும் பெண்ணின் நிலையும் நஞ்சோடு பின்னிக் கிடக்கும் இவ்விடத்தில், சமூக சாஸ்திரத்தின் துணையின்றி நோயின் காரணத்தைக்கூட முழுமையாகச் சொல்லிவிட முடியாது.

அதே 2002-ஆம் ஆண்டில் மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்குவதாக அறிவித்தது. 2006-இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020 ஜனவரி முதல் நாளன்றுதான் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அந்நஞ்சின் குணத்தில் அணுவளவும் மாற்றமில்லை. மாறியவை தொழில்துறையின் செல்வாக்கும், அரசின் கணக்கும், பொதுமக்களின் அபிப்பிராயமுமே. ஒரு தடை ஏன் வந்தது, ஏன் தளர்ந்தது, மறுபடியும் ஏன் வந்தது என்பது அரசியல் சாஸ்திரம் பயிலும் ஒரு முதுகலை மாணவருக்கு முழு ஆய்வேட்டுக்குப் போதுமான பொருளாகும்.

3. நியாயஸ்தலத்தில் நிபுணரும் குடிமக்களும்

ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேராவில், வெள்ளீய மணலின் எச்சத்திலிருந்து அருமண் பொருள்களைப் பிரித்தெடுத்த தொழிற்சாலையொன்று 1982-இல் தொடங்கியது. தோரியம் என்னும் கதிர்வீச்சுப் பொருள் அதன் கழிவாக எஞ்சியது. அவ்வூர் மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994-இல் ஆலை மூடப்பட்டுவிட்டது. கதிர்வீச்சின் அளவைப் பற்றி இருதரப்பு நிபுணர்களும் எதிரெதிராகச் சாட்சி சொன்ன இவ்வழக்கில், எந்த நிபுணரை நம்புவது என்பதே பெரும் பிரச்சினையாயிற்று. அளவுகூட மனிதர் அளந்து மனிதர் நம்ப வேண்டிய பொருள் என்பதையும், நம்பிக்கைக்கும் அதிகாரத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டென்பதையும் இதனால் உணர்கிறோம்.

தமிழகத்திலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996-இல் இந்திய உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தியது. கொள்கை வகுத்தாயிற்று, ஆனால் கிணறு கெட்ட விவசாயி ஒவ்வொருவரும் இழந்தது எவ்வளவு என்று கணக்கிடுவது எங்ஙனம்? விளைச்சலின் நஷ்டத்தைப் பொருளாதாரம் கணிக்கலாம். ஆனால், குடிதண்ணீருக்காக நெடுந்தூரம் நடந்த பெண்களின் பொழுதையும், நிலத்தை விட்டுக் கூலிக்குப் போனவர்களின் மானத்தையும் எந்த அளவுகோலால் அளப்பது? அந்த அளவுகோலைத் தேடுவதும் நாம் பேசும் துறையின் கடமையே.

4. கடலை நம்பி வாழ்வோர்

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தன் தொடக்க காலத்தில் கையில் எடுத்த காரியங்களில் ஒன்று, சுங்கை ஜூரு கழிமுகத்திலுள்ள கோல ஜூரு மீனவக் கிராமத்தினுடையது. 1970-களில் பிறை தொழிற்பேட்டையின் கழிவு ஆற்றில் கலந்து மீன்வளம் குன்றியபோது, அக்கிராமத்தார் தம் துன்பத்தை எடுத்துரைக்கக் கற்றதோடு, சேற்றில் சிப்பி வளர்க்கும் கூட்டுத் தொழிலுக்கும் மாறினர். இச்சங்கத்தை ஏறத்தாழ அரை நூற்றாண்டு வழிநடத்தி 2019-இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரீஸ் அவர்கள் பட்டதாரி ஆராய்ச்சியாளர் அல்லர். எனினும் முதலில் பாதிக்கப்பட்டவனிடம் போய்க் கேள் என்ற அவரது நடைமுறை, எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்கத்தக்க ஆராய்ச்சி முறையாகும். 1977-இல் தோன்றிய சஹாபாட் ஆலம் மலேசியா என்னும் சுற்றுச்சூழல் அமைப்பும் அவ்வழியே நின்று, 1988-இல் நேர்வாழ்வு விருது (Right Livelihood Award) பெற்றது.

இன்றைய விவகாரமும் இதற்கு அப்பாற்பட்டதன்று. பினாங்குத் தீவின் தெற்கே கடலைத் தூர்த்து மூன்று தீவுகள் எழுப்பும் திட்டத்துக்குக் கிடைத்த சுற்றுச்சூழல் அனுமதி 2021-இல் மேல்முறையீட்டு வாரியத்தால் ரத்தாகி, பிறகு 2023-இல் திட்டம் ஒரே தீவாகச் சுருங்கிற்று. மீனவருக்கு ஈட்டுத்தொகை தருவதே தீர்வென்பார் ஒரு சாரார்; கடலில் அவர்களுக்குள்ள உரிமையைப் பணத்தால் பெயர்த்துவிட முடியாதென்பார் மறுசாரார். பொதுவளங்களை மக்கள் தாமே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று உலகின் பல பாகங்களிலிருந்து சான்று திரட்டிக் காட்டி, 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரமின் ஆராய்ச்சி, இவ்விவாதத்தில் ஈடுபடுவோர் அவசியம் கற்க வேண்டியது.

5. முன்னே நடந்தவர்கள்

இத்துறையில் நமக்கு முன்மாதிரிகள் இல்லையென்று எவரும் சொல்ல வேண்டாம். தீபகற்ப மலேசியாவின் காடுகள் ஆங்கிலேயர் ஆட்சியிலும் அதன் பின்னரும் எவ்வாறு ஆளப்பட்டன, எவ்வாறு அழிந்தன, எவ்வாறு காக்கப்பட்டன என்பதை ஜெயமலர் கதிரித்தம்பி வெல்ஸ் 2005-இல் வெளிவந்த தம் பெருநூலில் விரித்துரைத்தார். அவர் தாவரவியலார் அல்லர், சரித்திரப் பேராசிரியர். கேரித் தீவில் வாழும் ஆதிகுடிகள் செடிகொடிகளையும் பிராணிகளையும் எக்கண் கொண்டு நோக்குகின்றனர் என்பதை மானிடவியலாராகிய வாசிர் ஜஹான் கரீம் ஆராய்ந்து 1981-இல் நூலாக்கினார். கெடா மாநிலத்து நெல்வயல்களில் அறுவடை இயந்திரம் வந்தபின் ஏழை உழவர் நிலை என்னவாயிற்று என்பதை, ஒரு கிராமத்தில் தங்கியிருந்து கண்டெழுதினார் அரசியல் சாஸ்திர அறிஞராகிய ஜேம்ஸ் ஸ்காட். மூவரும் மூன்று சாஸ்திரங்களைச் சார்ந்தவர். நிலத்தின் கதையை மனிதரின் கதையிலிருந்து பிரிக்க இயலாதென்பதில் மூவரும் ஒன்றுபடுகின்றனர்.

6. முதுநிலைப் படிப்பின் இலக்கணம்

இங்கிருந்து கூப்பிடு தூரம் என்னத்தக்க மின்டனில், 1969-இல் நிறுவப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயரில் அறிவியல் இருந்தாலும் அதனுள் சமூக சாஸ்திரப் புலமும் உண்டு. அங்கோ, வேறெங்கோ, இத்துறையில் முதுநிலை பயில விழைவோருக்கு மூன்று செய்திகளை விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

முதலாவது, சமூக சாஸ்திரம் பயில்வோர் விஞ்ஞானத்தை அலட்சியம் செய்தல் ஆகாது. ஒரு நீர்ப் பரிசோதனை அறிக்கையைப் படித்துப் பொருள் கொள்ளவும், அதிலுள்ள குறைபாட்டைக் கண்டு கேள்வி கேட்கவும் தெரியாதவர், மக்களுக்காகப் பரிந்து பேசினாலும் பயன் விளைவிக்க மாட்டார். இரண்டாவது, தமக்கு முன்பே விருப்பமான முடிவை நோக்கி ஆராய்ச்சியை இழுத்துச் செல்லலாகாது. தொழிலாளியின் கூற்றைக் கேட்கும் அதே பொறுமையோடு தோட்ட நிர்வாகியின் கூற்றையும், அதிகாரியின் கூற்றையும் கேட்க வேண்டும். அனுதாபம் சான்றுக்கு மாற்றாகாது. மூன்றாவது, மக்களிடம் வாங்கிய செய்தியை மக்களுக்கே திருப்பித் தர வேண்டும். தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிப் பட்டம் பெற்றபின், கேட்டவர் வீட்டுக்குத் திரும்பாத ஆராய்ச்சி கடன் தீர்க்காத ஆராய்ச்சி.

இந்நாட்டில் 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் பிறந்தது. 1988 முதல் பெருந்திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயமாயிற்று. விரிவான மதிப்பீட்டு அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. அவற்றுள் சமூகப் பாதிப்பைப் பற்றிய பகுதியும் உண்டு. அப்பகுதி கனமாக அமைவதும் சில பக்கச் சடங்காகச் சுருங்குவதும், அதை எழுதுவோரின் பயிற்சியையும், அதைப் படித்து ஆட்சேபணை எழுப்ப வல்ல குடிமக்களின் எண்ணிக்கையையும் பொறுத்தவை.

நம் பிள்ளைகளில் மருத்துவமும் பொறியியலும் சட்டமும் நாடுவோர் பலர். அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மலாய், தமிழ், ஆங்கிலம் என்னும் மும்மொழியும் அறிந்து, தோட்டப்புறத்து வாழ்வையும் நகர்ப்புறத்து வாழ்வையும் தம் குடும்பச் சரித்திரத்திலேயே உடைய நம் மாணவர்களைவிட இத்துறைக்குப் பொருத்தமானவரைக் காண்பது அரிது. ஆகவே பெற்றோர்க்கு என் வேண்டுகோள்: உங்கள் மகனோ மகளோ சமூக சாஸ்திரம் படிக்க விரும்பினால், அதனால் என்ன பிழைப்பு என்று கேட்டு அவர்கள் ஊக்கத்தைக் குலைத்துவிடாதீர்கள். அறக்கட்டளையாளர்க்கு என் வேண்டுகோள்: ஆண்டுதோறும் நிகழும் இச்சொற்பொழிவோடு, ஜெலுத்தோங்கின் கரையையும் அதில் வாழும் மக்களையும் ஆராய முன்வரும் முதுகலை மாணவர் ஒருவருக்கேனும் உதவித்தொகை வழங்குங்கள்; அவ்வாராய்ச்சியின் முடிவு தமிழிலும் அச்சாகி இவ்வூர் மக்கள் கையில் சேர வேண்டுமென்பதை அதற்கு நிபந்தனையாக வையுங்கள்.