ஊர்காண் காதையும் டேர்பன் நகரமும்



சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் ஊர்காண் காதை என்றொரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் மதுரை நகரைச் சுற்றிப் பார்க்கிறான். மணிகள் விற்கும் வீதி, பொன் வீதி, துணி வீதி, தானிய வீதி என ஒவ்வொன்றாகக் கண்டு மகிழ்ந்து திரும்புகிறான். அடுத்து வருவது அடைக்கலக் காதை. அதற்கடுத்தது கொலைக்களக் காதை. இத்தனை வீதிகளைக் கண்டவன் அந்நகரின் நீதி எப்படிப்பட்டது என்பதைக் காணவில்லை. வைகாசி தோறும் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடும் எங்கள் கிழக்குக் கரை மக்களுக்கு இக்கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓர் ஊரைப் பார்ப்பது என்றால் அங்கு எதைப் பார்ப்பது? இந்தக் கேள்வியோடுதான் இன்று உங்களை ஆபிரிக்காவின் பெருநகரங்களுள் ஒன்றான டேர்பனுக்கு அழைக்கிறேன். என்னுடைய பயணம் ஏட்டுவழிப் பயணம்தான்.

டேர்பன் தென்னாபிரிக்காவின் இந்து சமுத்திரக் கரையிலுள்ள துறைமுக நகரம். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் திகதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்றூரோ என்ற கப்பல் 342 பேருடன் அங்கே சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தம் செய்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் அவர்கள். 1911 வரையில் அவ்வாறு போனவர்கள் 1,52,184 பேர். தமிழரும் தெலுங்கருமே அவர்களுள் பெரும் பங்கினர். நமது மலையகத்தின் கதையோடு உடன்பிறந்த கதை இது எனலாம்.

இன்று அந்நகருக்குச் செல்லும் தமிழ்ப் பயணிக்குக் காட்ட நிறைய உண்டு. கரும்புத் தோட்டத் தொழிலாளர் வழிபட்ட மவுண்ட் எட்ஜ்கோம்ப் பிள்ளையார் கோயில் உண்டு. மசாலாப் பொருள்கள் மணக்கும் விக்டோரியா வீதிச் சந்தை உண்டு. 1881இல் தோன்றிய ஜும்மா பள்ளிவாசல் உண்டு. முதற் கப்பலிலேயே வந்தவர் என்று சொல்லப்படும் பாதுஷா பீர் அவர்களின் அடக்கத்தலமும் உண்டு. அங்கே முஸ்லிம்களோடு இந்துக்களும் நேர்த்தி வைத்து வணங்குவார்கள். இவற்றைக் கண்டு, நம்மவர் பெருமையை நினைத்து மகிழ்ந்து திரும்பிவிடலாம். ஆனால் அப்படித் திரும்புகிறவர் கோவலனைப் போல நகரின் பாதியைத்தான் பார்த்தவராவார்.

மீதிப் பாதி, நகருக்கு வெளியே இனாந்தா என்ற பகுதியிலிருந்து தொடங்குகிறது. காந்தியடிகள் 1904இல் அமைத்த பீனிக்ஸ் குடியிருப்பு அங்கேதான் உள்ளது. 1903இல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையின் அச்சகம் அங்கே மாற்றப்பட்டது. ஆரம்ப ஆண்டுகளில் அப்பத்திரிகையில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. அதன் அயலிலேயே ஒஹ்லாங்கே கல்லூரி இருக்கிறது. ஜோன் டூபே என்ற சூலு அறிஞர் நிறுவியது அது. அவரும் அதே 1903இல் சூலு மொழியில் ஒரு பத்திரிகை தொடங்கினார். 1912இல் உருவாகி, பின்னர் ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கத்தின் முதல் தலைவரும் அவரே. 1994 ஏப்ரல் 27ஆந் திகதி நெல்சன் மண்டேலா தம் வாழ்நாளின் முதல் வாக்கை அக்கல்லூரியிலேயே அளித்தார். டூபேயின் சமாதிக்கும் சென்று, நாடு விடுதலை பெற்ற செய்தியை அவரிடம் ஒப்புவித்தார். காந்தியின் குடியிருப்பையும் டூபேயின் கல்லூரியையும் ஒரே நாளில் காட்டும் மரபுரிமைச் சுற்றுலா வழி ஒன்று இப்போது அங்கே உண்டு.

நேயர்களே, அந்த வழி பெருமைகளை மட்டும் தொட்டுச் செல்வதன்று. 1949 ஜனவரியில் டேர்பனில் ஆபிரிக்கர்க்கும் இந்தியர்க்குமிடையே கலவரம் மூண்டு 142 பேர் மாண்டனர். பின்பு நிறவெறி அரசு இரு சாராரையும் வெவ்வேறு குடியிருப்புகளுக்குப் பெயர்த்தது. கேட்டோ மேனர் பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டு மக்கள் அகற்றப்பட்டனர். கோயில்கள் அங்கே தனித்து நின்றன. 1985 ஆகஸ்டில் இனாந்தாவில் வன்முறை வெடித்தபோது காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்பே எரிந்தது. அது மீளக் கட்டப்பட்டு 2000இல் திறக்கப்பட்டது. 2021 ஜூலையில் பீனிக்ஸ் நகர்ப் பகுதியில் மறுபடியும் இரத்தம் சிந்தியது. அம்முறை இறந்தவர்களில் மிகப் பலர் ஆபிரிக்கர். அகிம்சை பிறந்த மண்ணென்று நாம் போற்றும் இடத்தின் அயலிலேயே இத்தனையும் நடந்தன.

ஆபிரிக்கர்கள் தம் நகரிலேயே நடமாட அனுமதிச் சீட்டுக்காகக் காத்து நின்ற அலுவலகம் ஒன்று, இன்று குவாமூலே அரும்பொருட்காட்சியகமாக விளங்குகிறது. வெட்கப்பட்டு இடித்துத் தள்ளாமல், வாசலைத் திறந்து, வந்து பாருங்கள் என்கிறார்கள். காயத்தை மறைக்காத ஊர்தான் அயலவனை உள்ளே அழைக்கும் துணிவு பெறும் என்பது என் எண்ணம்.

இனி நம் ஊருக்கு வருவோம். எங்கள் வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையாரும் கப்பலேறி வந்தவர் என்பது ஐதீகம். சீர்பாததேவி வந்த மரக்கலம் கரைசேர்ந்த இடத்தில் கோயில் எழுந்ததாகச் சொல்வர். அந்தக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் 1990 ஆகஸ்ட் 12ஆந் திகதி கொல்லப்பட்டார்கள். அதே மாதம் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரே மாதம், ஒரே கரை, ஒரே மொழி. ஆனால் எங்கள் பிள்ளைகள் ஒன்றை அறிந்தால் மற்றதை அறியார். அவர்கள் பிள்ளைகளும் அவ்வாறே.

கல்விச் சுற்றுலா என்றால் நம் பாடசாலை பஸ்கள் விடியுமுன் சிகிரியாவுக்கும் பொலநறுவைக்கும் புறப்படுகின்றன. அவை நல்ல பயணங்களே. ஆயினும் சில மைல் தூரத்தில் இருப்பதைக் காணாமல் நூறு மைல் போகின்றோம். யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவு இருக்கிறது. கைத்தறி ஒலிக்கும் ஊரும், புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன் அவர்களின் ஊருமான மருதமுனை இருக்கிறது. நாகூர் ஆண்டகை பெயரில் கொடியேறும் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் இருக்கிறது. எல்லைக்கு எல்லையாகச் சம்மாந்துறையும் வீரமுனையும் இருக்கின்றன. ஒரு பஸ், ஒரு பகல், ஒரு வேளைச் சோற்றுப் பொதி போதும். வீரமுனைப் பிள்ளைகளும் சம்மாந்துறைப் பிள்ளைகளும் கலந்து ஏற வேண்டும். வழி சொல்ல இரு ஊர் ஆசிரியர்களும் வேண்டும்.

பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஆற்றுப்படையில் கோயிலின் அழகும் பள்ளிவாசலின் அழகும் வரட்டும். அங்கே விழுந்தவர்களின் கணக்கும், யாருடைய பங்கும் குறையாமல் வரட்டும். இரண்டையும் ஒன்றாக நின்று கேட்ட பிள்ளைகள், அடுத்த முறை யாரேனும் அயலவனைப் பற்றி வதந்தி கொண்டுவரும்போது, அவனுடைய முற்றத்தை நேரில் கண்டவர்களாக இருப்பார்கள்.