தலைப்பே பாதி அறிக்கை
(தஞ்சாவூரில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2024 செப்டம்பரில் நம் தஞ்சாவூரில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டது. மென்பொருள் வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை மெல்ல மாறுகிறது. அந்த வேலைக்குப் போகும் நம் மாணவர்களுக்கு நிரல் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு வரித் தலைப்பு எழுதவும் தெரிய வேண்டும்.

மென்பொருள் குழுவினர் பெரிய பணியைச் சிறு சிறு வேலைகளாகப் பிரித்து, ஜிரா போன்ற செயலிகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவார்கள். ஒவ்வொரு பதிவிலும் தலைப்பு, விளக்கம், பொறுப்பாளர், நிலை ஆகியவை இருக்கும். வார இறுதியில் அறிக்கை எடுக்கும்போது, பட்டியலில் கண்ணில் படுவது பெரும்பாலும் தலைப்பும் நிலையும்தான்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஒரு குழு மென்பொருள் செய்வதாக வைத்துக்கொள்வோம். "ஈரப்பதம் – சிக்கல்" என்று ஒருவர் தலைப்பிடுகிறார். அறிக்கையில் "ஈரப்பதம் – சிக்கல்: முடிந்தது" என்று வருகிறது. என்ன முடிந்தது? படிப்பவருக்குப் புரியாது, எழுதியவரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். அதையே "ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் எச்சரிக்கை காட்டுதல்" என்று எழுதியிருந்தால், யாரையும் கேட்க வேண்டியதில்லை. குவியலோடு காத்திருக்கும் விவசாயிக்கு எந்த வசதி வந்துவிட்டது, எது வரவில்லை என்பது பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

இங்கே நம் இலக்கணம் கைகொடுக்கிறது. பத்தாம் வகுப்பில் தொழிற்பெயர் நடத்துகிறோம். அது காலம் காட்டாது என்று சொல்லித் தருகிறோம். வேலைத் தலைப்புக்கு வேண்டியதும் அதுவே. "காட்டுதல்" என்ற சொல் தொடங்காத வேலைக்கும், நடக்கும் வேலைக்கும், முடிந்த வேலைக்கும் பொருந்தும். நிலை மட்டும் மாறும். தலைப்பை மாற்ற வேண்டாம்.

நம் பாடக்குறிப்பேட்டுக்கும் இது பொருந்தும். "கணக்கு – பின்னம்" என்ற குறிப்பு, மாறுதலில் வரும் அடுத்த ஆசிரியருக்கு எதையும் சொல்லாது. "வேற்றினப் பின்னங்களைக் கூட்டுதல்" என்று இருந்தால், எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியும். இல்லாவிட்டால் அதே பாடம் இரண்டு முறை நடக்கும், அல்லது நடக்காமலே போகும். இழப்பு பிள்ளைகளுக்கு.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தலைப்புகளை எண்ணி உழைப்பை அளக்கக் கூடாது. ஒரு வேலை அரை நாளில் முடியும். இன்னொன்று பத்து நாள் இழுக்கும். எண்ணிக்கைதான் மதிப்பு என்றாகிவிட்டால், ஒரே வேலையை நான்காக உடைத்து எழுதும் பழக்கம் வந்துவிடும். "முடிந்தது" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். நடத்தி முடித்தோம் என்பது வேறு, பிள்ளை கற்றுக்கொண்டது என்பது வேறு. மென்பொருளிலும் சோதித்துப் பார்த்த பிறகே முடிந்தது என்று குறிப்பது நல்ல குழுவின் வழக்கம்.

அடுத்த முறை மாணவர்களுக்குச் செயல்திட்டம் கொடுக்கும்போது, குழுவாக அமர்ந்து வேலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரித் தலைப்பு எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பட்டியலை வேறொரு குழுவிடம் கொடுங்கள். எதையும் கேட்காமல் அவர்களுக்குப் புரிகிறதா என்று பாருங்கள். புரியாத தலைப்பை எழுதியவர்களே திருத்தட்டும். இதற்குக் கணினி தேவையில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும்.