பிள்ளைகளின் மனத்தளர்ச்சியைக் கண்டுகொள்வோம்

நன்றாகப் படித்த பிள்ளை பாடத்தில் மனம் ஊன்ற முடியாமல், சொன்னதை மறந்து, ஒதுங்கினால் சோம்பல் என்கிறோம். இல்லையேல் ஜின் என்கிறோம். குரல் கேட்கும் மனநோய் வருவதற்கு மாதங்கள், ஆண்டுகள் முன்பே சிலருக்குக் கவனமும் நினைவும் இப்படித் தளரும். தளர்ந்த எல்லோருக்கும் நோய் வராது. ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். சீக்கிரம் கவனித்தால் படிப்பும் வேலையும் கைவிட்டுப் போகாமல் காக்கலாம்.

சிகிச்சைக்குப் பதில் சங்கிலி போட்டதன் கதி என்ன? 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடிக் காப்பகத் தீயில் 28 பேர் மாண்டார்கள். பலர் சங்கிலியோடு.

துஆவும் செய்வோம், மருந்தும் தேடுவோம், இரண்டும் நபிவழியே. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 டெலி மனாஸில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். வெட்கப்படாமல் அழைத்துச் செல்வோம்.